பித்தளை வாய் வைத்த ஓட்டை

போர்ட்டிக்சன், கடற்கரை பங்களா
2 ஆகஸ்டு 1943

அண்ணன் எட்வர்ட் கிராணி அவர்களுக்கு,

ஆறு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை. போயும் போயும் ஒரு பங்களாக் காவல்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று என் கல்யாணத்துக்கே வராதவர் நீங்கள். என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் உங்களுக்குத்தான் தெரியும். பதிலை எழுதி அனுப்பிவிட்டு இன்னும் ஆறு வருஷம் பேசாமல் இருங்கள், எனக்குச் சம்மதம்.

உங்கள் லாபு தோட்டத்துக் கம்பெனி துரைமார்கள் விடுமுறைக்கு வந்து கடலில் குளிப்பதற்காகக் கட்டிய பங்களா இது. உங்களுக்குத் தெரியாததா? நம் அப்பா இங்கே ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தபோது நீங்கள் இங்கேதானே வளர்ந்தீர்கள். நான் கைக்குழந்தை. அப்பா முகம் கூட எனக்கு நினைவில்லை.

இப்போது துரைமார் இல்லை. ஜப்பான் பட்டாளத்து அதிகாரிகள் ஓய்வெடுக்க வருகிறார்கள். போன வாரம் ஒரு கேப்டன் வந்தான். சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தவன் எழுந்து நின்றுவிட்டான். உத்தரத்தில் வரிசையாக ஆறு இரும்புக் கொக்கிகள். பின்பக்கச் சுவரில், கதவுக்கு மேலே, கை நுழையும் அளவு ஒரு ஓட்டை. ஓட்டைக்குப் பித்தளையில் வாய் கட்டி, உள்ளே ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறார்கள். நான் வாரம் ஒருமுறை அந்தப் பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவேன். எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை.

கேப்டன் ஆட்களைக் கூரைக்குள் ஏற்றிவிட்டான். அங்கே பழைய மின்விசிறிக்கு ஓடிய செம்புக் கம்பி சுருளாகக் கிடந்தது. அவ்வளவுதான். கொக்கியில் கம்பியைக் கட்டி, ஓட்டை வழியாக வெளியே இழுத்து, திருட்டுத்தனமாக ரேடியோ கேட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டான். "ரேடியோப் பொட்டி எங்க?" என்று என் வீட்டுக்காரரை அறைந்தார்கள். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "நான் வர்றதுக்கு முன்னாலயே இருக்கிற ஓட்டைலா அது. தெரியாததத் தெரியும்னு சொல்ல முடியாது." அதற்கு இன்னும் நாலு அறை. இப்போது கார் நிறுத்தும் கொட்டகையில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஓட்டை என்ன? அதை மட்டும் சொல்லுங்கள். தபாலில் போட்டால் மூன்று பேர் பிரித்துப் படிப்பார்கள் என்பதால் கருவாட்டு வியாபாரி மீரா சாஹிப் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

பிலோமினா கேப்ரியல்


லாபு
5-8-2603

சேசு மரி சூசை துணை

தங்கை பிலோமினாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கருவாட்டு வாசம் ஆபீஸ் முழுக்கப் பரவி, என் மாமனார் பெரிய கிராணி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். இப்படிப்பட்ட காலத்தில் இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நல்லதல்ல என்பதை நீ யோசித்திருக்க வேண்டும்.

நீ கேட்ட விஷயம் அப்படி ஒன்றும் பெரிதல்ல. அந்தக் காலத்தில் மேசைக்கு மேலே பெரிய மண்ணெண்ணெய் விளக்கு தொங்கும். அதை ஏற்றி இறக்கக் கயிறு போன வழி அது. அதிகாரியிடம் மரியாதையாக, தலை குனிந்து, அதையே சொல். எதிர்த்துப் பேசாதே. உன் வாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

என் பெயரை எங்கும் சொல்லாதே. எனக்கு மனைவியும் ஐந்து வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். சயாம் ரயில் பாதைக்கு ஆள் அனுப்பச் சொல்லி வாரம் ஒரு உத்தரவு வருகிறது. பட்டியல் எழுதுவது நாங்கள். எழுதுகிறவன் பெயரும் பட்டியலில் ஏற அதிக நேரம் ஆகாது. மீரா சாஹிப்பிடம் இரண்டு படி அரிசி கொடுத்திருக்கிறேன்.

எட்வர்ட்


போர்ட்டிக்சன்
9 ஆகஸ்டு 1943

அண்ணனுக்கு,

உங்கள் அரிசி வந்தது. அதைக் கஞ்சியாகக் காய்ச்சி உங்கள் மாப்பிள்ளைக்கு ஊட்டினேன். பல் இரண்டு போய்விட்டதால் அவரால் வேறு எதையும் மெல்ல முடியவில்லை.

எப்படிப் போனது என்று கேளுங்கள். நீங்கள் சொன்னபடியே தலை குனிந்து, மரியாதையாக, "விளக்குக் கயிறு" என்று சொன்னேன். கேப்டன் மடையன் இல்லை. விளக்கு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னான். கயிற்றை ஓட்டையில் விட்டான். வெளியே போய்ப் பார்த்தான். விளக்கை ஏற்றினால் கயிற்றை எங்கேயாவது கட்டி நிறுத்த வேண்டுமே? வெளிச் சுவரில் ஒரு ஆணி கூட இல்லை. ஒரு விளக்குக்கு ஆறு கொக்கி எதற்கு என்றும் கேட்டான். பெண்பிள்ளை என்று என்னை விட்டுவிட்டு, என் பொய்க்கு அவரை அடித்தார்கள். உங்கள் பொய்க்கு, அண்ணா.

ஆமாம், பொய் என்றுதான் சொல்கிறேன். அடி விழுந்து முடிந்த பிறகு நானே போய்ப் பார்த்தேன். ஆறு வருஷம் துலக்கியவள், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். உருளையின் வெளிப்பக்கம், கீழ் விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது. கயிறு வெளியே போய்க் கீழே இறங்கியிருக்கிறது, வருஷக்கணக்கில் ஓடியிருக்கிறது. நேர் கீழே பின் வராந்தாவில் ஒரு பலகை. அதில் ஒரு ஆள் முதுகு அளவுக்குப் பள்ளம். பலகைக்கு எதிரே சுவரில், இரண்டு முழ உயரத்தில், சுண்ணாம்பு வழுவழு என்று தேய்ந்திருக்கிறது. நான் பலகையில் படுத்துப் பார்த்தேன். என் கால் நேராக அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது.

யாரோ ஒரு மனிதன் அங்கே பல வருஷம் படுத்துக்கொண்டு எதையோ இழுத்திருக்கிறான். அவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பார்க்காதவர் என்றால் "தெரியாது" என்று ஒரு வரியில் எழுதியிருப்பீர்கள். விளக்கு, மண்ணெண்ணெய் என்று கதை கட்டியிருக்க மாட்டீர்கள்.

இருபதாம் தேதி இங்கிருந்து சயாம் லாரி கிளம்புகிறது. அதற்குள் உண்மை வராவிட்டால் அவர் அதில் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே போனவர்களில் யாராவது திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? பட்டியல் எழுதுகிறவர், உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று உங்கள் பேனாவில் எப்போது ஜப்பான்காரன் கணக்குப்படி இரண்டாயிரத்து அறுநூற்று மூன்று ஆனது? எனக்கு வயது இருபத்தைந்துதான். நீங்கள் வேண்டுமானால் அறுநூற்று அறுபது வருஷம் மூத்தவராக இருந்துகொள்ளுங்கள்.

பிலோமினா


லாபு
12-8-2603

பிலோமினா,

வருஷத்தைப் பற்றி நீ பேசியது சரி. பழக்கம், கை தானாக எழுதிவிடுகிறது.

மாப்பிள்ளை பல் போனதற்கு நான்தான் காரணம். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அது பங்காவுக்கான வழி. மின்விசிறி வருவதற்கு முன் துரைமார் வீடுகளில் பங்கா இருக்கும். மேசை நீளத்துக்கு ஒரு மரச்சட்டம், அதிலிருந்து தொங்கும் கனத்த துணி. சட்டத்தை அந்த ஆறு கொக்கியிலிருந்து தொங்கவிடுவார்கள். நடுவில் ஒரு கயிறு கட்டி, சுவர் ஓட்டை வழியாக வெளியே விடுவார்கள். வெளியே ஒருவன் அதை இழுத்து இழுத்து விட்டால், உள்ளே துணி ஆடி, சாப்பிடுகிறவர்களுக்குக் காற்று வரும். கையால் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் தோள் செத்துவிடும். அதனால் பலகையில் மல்லாந்து படுத்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, மறுகால் கட்டைவிரலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இழுப்பார்கள்.

பன்னிரண்டு வருஷம் அங்கே படுத்திருந்தவர் நம் அப்பா.

ஸ்டோர் கிராணி என்று உன்னிடம் சொன்னது நான். அம்மாவையும் அப்படியே சொல்ல வைத்தேன். பெட்ரிசியாவைப் பெண் கேட்டபோது அவள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன். காலால் கயிறு இழுத்தவன் மகனுக்குப் பெரிய கிராணி பெண் கொடுப்பாரா? உன் கல்யாணத்துக்கு நான் வராததற்குக் காரணம் மாப்பிள்ளையின் வேலை இல்லை. கல்யாணம் அந்தப் பங்களாவில் நடந்தது. மாமனாரையும் அழைத்துக்கொண்டு அங்கே வந்தால் பழைய சமையல்காரன் எவனாவது "நம்ம பங்கா அந்தோணிமுத்து மவன்தானே நீ?" என்று கேட்டுவிடுவான் என்ற பயம்.

அப்பாவின் கட்டைவிரல் வெடித்து, எப்போதும் துணி சுற்றியிருக்கும். மத்தியானம் நான் அவருக்குச் சோறு கொண்டுபோவேன். உள்ளே துரைமார் சாப்பிட்டு எழும்வரை அவர் எழ முடியாது. நான்தான் வாயில் ஊட்டுவேன். மல்லாந்து படுத்தபடியே விழுங்குவார். கால் நிற்காது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அவமானமாக இருந்தது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கேப்டனிடம் இதைச் சொல். பழைய சமையல்காரன் சொன்னதாகச் சொல். என் பெயர் வேண்டாம். கேட்கவே கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

எட்வர்ட்


போர்ட்டிக்சன்
15 ஆகஸ்டு 1943, மாதா திருநாள்

அண்ணா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை உங்கள் மேல் கோபம் வந்தது. மூன்றாம் முறை வராந்தாவுக்குப் போய் அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

இருபத்தைந்து வருஷமாக எனக்கு ஒரு அப்பாவே இல்லை, ஒரு பொய்தான் இருந்தது. கோட்டும் பேனாவுமாக ஒரு ஸ்டோர் கிராணி. அந்த ஆளை நினைத்து ஒருநாள் கூட எனக்குக் கண்ணீர் வந்ததில்லை, ஏன் என்று இப்போது புரிகிறது. என் அப்பா இங்கேயே இருந்திருக்கிறார். அவர் முதுகு பட்ட பலகையை ஆறு வருஷமாக நான் தினமும் பெருக்கியிருக்கிறேன். உங்களுக்கு வெட்கமாக இருந்தால் அது உங்கள் பாடு. எனக்கு என்ன வெட்கம்? உட்கார்ந்து தின்றவர்களுக்கு அல்லவா வெட்கம் வர வேண்டும்!

கேப்டனிடம் சொன்னேன். சமையல்காரன் கதை சொல்லவில்லை, "எங்க அப்பா இழுத்தாரு" என்றே சொன்னேன். துபாசி அதை ஜப்பான் மொழியில் சொன்னான். கேப்டன் சிரித்தான். முதலில் விளக்கு, இப்போது விசிறியா? இரண்டு வாய் வைத்துப் பேசுகிறவளை நம்ப முடியாது என்றான். பங்காவை நேரில் பார்த்த ஆள் ஒருவன் வந்து, கண் முன்னால் மாட்டி, ஆட்டிக் காட்டினால் நம்புகிறேன் என்றான். பத்தொன்பதாம் தேதி வரை தவணை.

உங்களைக் கூப்பிடவில்லை. நானே மாட்டிவிட்டேன். பழைய படகுப் பாய் ஒன்றை மீரா சாஹிப் கொடுத்தார், நிப்பா ஓலை ஏற்றும் படகிலிருந்து மரச்சட்டமும் வந்தது. ஆறு கொக்கியிலும் சரியாக உட்கார்ந்தது. கயிற்றை விரலில் கட்டிக்கொண்டு அப்பாவின் பலகையில் படுத்தேன். இழுத்தால் துணி வெடுக்கென்று வந்து நடுவிலேயே தொங்கி நிற்கிறது. காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. இப்படி ஆட்டிக் காட்டினால் கேப்டன் என்னையும் சேர்த்து லாரியில் ஏற்றுவான்.

எப்படி இழுப்பது என்று எழுதுங்கள். அது போதும். வர முடியாவிட்டால் வர வேண்டாம். பத்தொன்பதாம் தேதி நான் அங்கே படுத்திருப்பேன், கயிறு என் காலில் இருக்கும்.

பிலோமினா


லாபு
17 ஆகஸ்டு 1943

பிலோமினா,

அது எழுதிக் காட்டக்கூடியதில்லை. தூளியை ஆட்டுவது போல, துணி திரும்பி வரும்போதே காலைத் தளர்த்திவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் கயிறு தொய்ந்துவிடும். அப்பா தூங்கிப்போன நேரங்களில் நான் அவருக்குப் பதிலாக இழுத்திருக்கிறேன். என் காலுக்குத் தெரியும், உன் காலுக்குத் தெரியாது.

பலகையிலிருந்து எழுந்திரு. மீரா சாஹிப்பின் லாரியில் வருகிறேன்.

எட்வர்ட்


ரெம்பாவ் பக்கம்
27 ஆகஸ்டு 1943

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் பங்களாவில், நான் இங்கே. எல்லாம் தலைகீழாகிவிட்டது.

அன்றைக்கு நீங்கள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பலகையில் படுத்தபோது என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே துணி ஆடிய சத்தம் கேட்டது. கேப்டன் மேசையில் இருந்த காகிதம் பறந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். "கிராணியா இருந்துகிட்டு இத எங்கய்யா கத்துக்கிட்ட?" என்று துபாசி கேட்டான். அவன் உங்கள் லாபு ஆள். அவன் காதில் விழுந்தால் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். "எங்க அப்பாருகிட்ட. அவரு பங்கா இழுத்தவரு" என்றீர்கள், காலை நிறுத்தாமல். அந்தக் குரல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

கேப்டன் இவரை விட்டுவிட்டு, காற்று சுகமாக இருக்கிறது, நீ இரு என்று உங்களைப் பிடித்து வைத்துக்கொள்வான் என்று நான் நினைக்கவில்லை. ஓடினால் கேப்ரியலை மறுபடி பிடிப்பேன் என்று அவன் சொன்னதால்தான் நீங்கள் அங்கே படுத்திருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நீங்கள் சொன்னபடி முதலில் உங்கள் வீட்டுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் செய்தி போய்விட்டது. உங்கள் மாமனார் வாசலிலேயே நின்றார். "ஸ்டோர் கிராணின்னு சொல்லித்தானே என் பொண்ண எடுத்தான்? காலால கயிறு இழுத்தவன் வம்சமா?" என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் பெட்ரிசியா அண்ணி வெளியே வந்தார். இந்த அண்ணியைப் பயந்த சுபாவம் உள்ளவர் என்று நான் நினைத்திருந்தேன். "பேர எழுதி எழுதி ஆளுங்கள சயாமுக்கு அனுப்புறீங்களே அப்பா, அதவிட கயிறு இழுக்கிறது என்னா கேவலம்? அவுங்கள உள்ள விடுங்க" என்றார். பெரிய கிராணி நகர்ந்து வழிவிட்டார். உங்கள் மகன் இவருடைய பொக்கை வாயைப் பார்த்து ஒரே சிரிப்பு.

லாபுவில் இருந்தால் ஆபத்து என்று அண்ணியையும் பையனையும் சேர்த்து நாலு பேரும் கிளம்பிவிட்டோம். ரெம்பாவைத் தாண்டி, காட்டை வெட்டி மரவள்ளி போட்டிருக்கிற ஒரு இடம். வழி மீரா சாஹிப்புக்கு மட்டும்தான் தெரியும். எந்தக் கேப்டனும் இங்கே வர முடியாது. அதனால் இனிமேல் எங்களுக்காக நீங்கள் அங்கே படுத்திருக்க வேண்டாம். சாஹிப் லாரியில் ஏறி வந்துவிடுங்கள். வந்தால் மரவள்ளிதான் கிடைக்கும், முகம் சுளிக்கக் கூடாது.

உங்கள் தங்கை
பிலோமினா


போர்ட்டிக்சன், கார்க் கொட்டகை
1 செப்டம்பர் 1943

என் அருமைத் தங்கை பிலோமினாவுக்கு,

மாப்பிள்ளை இருந்த அதே கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாமல் முழுவதும் படி.

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. நீங்கள் நாலு பேரும் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் மனசு லேசாகிவிட்டது. சாயங்காலம் சாஹிப் லாரியில் ஏறிவிடுவது என்றுதான் இருந்தேன்.

மத்தியானம் நல்ல வெயில். பதினோரு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. இழுத்துக்கொண்டே கண் அசந்துவிட்டேன். கால் நின்றது, உள்ளே காற்றும் நின்றது. கேப்டன் தன் பூட்ஸில் ஒன்றைக் கழற்றி ஜன்னல் வழியாக எறிந்தான். அது என் நெற்றியில் வந்து விழுந்தது.

அப்பாவுக்கும் இப்படி விழும். உனக்கு இதை எழுதவில்லை, எழுதக் கை வரவில்லை. துரை செருப்பை எறிவான். அப்பா எழுந்து அதை எடுத்து, தன் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் கொண்டுபோய்த் துரையின் அறை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வார். நான் சோற்றுத் தூக்கோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவருக்குப் பெண்டாட்டி, ஒரு பையன், ஒரு கைக்குழந்தை. வேறு என்ன செய்வார்? இத்தனை காலம் நான் வெட்கப்பட்டது கயிற்றுக்காக இல்லை. அவர் அதைத் துடைத்ததற்காக. அந்த மனிதர் நமக்காகத் துடைத்தார் என்பது முப்பத்து நாலு வயதில், அதே பலகையில் படுத்துக் கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

எனக்கோ அந்த நேரத்தில் காப்பாற்ற வேண்டியவர்கள் யாரும் அவன் கையில் இல்லை. கயிற்றை விரலிலிருந்து அவிழ்த்தேன். பூட்ஸை எடுத்தேன். வராந்தாப் படியில் இறங்கி, மணலில் நடந்து, தண்ணீர் முழங்காலுக்கு வரும்வரை போனேன். என்னால் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் எறிந்தேன். நல்ல கனமான பூட்ஸ். அலை அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

திரும்பி வந்து, "எங்க அப்பாரு கூலிக்கு இழுத்தாரு, நான் எங்க மாப்பிள்ளைக்காக இழுத்தேன், ஒனக்கு இழுக்க மாட்டேன்" என்று துபாசியிடம் சொன்னேன். அதை மொழிபெயர்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. தேவைப்படவும் இல்லை.

அடித்தார்கள். எழுதும் கை நன்றாக இருக்கிறது. கேப்டன் காலையிலிருந்து ரப்பர் செருப்போடு திரிகிறான். இந்த யுத்தத்தில் பூட்ஸ் கிடைப்பது அரிசி கிடைப்பதைவிடக் கஷ்டம் போலிருக்கிறது. அவனுடைய ஆட்களே திரும்பி நின்று சிரிப்பதைக் கொட்டகைச் சந்து வழியாகப் பார்த்தேன்.

திங்கட்கிழமை சயாம் லாரி. என் பெயரை வேறொரு கிராணி எழுதியிருப்பான், அவனைத் திட்டாதே. திரும்பி வருவேன் என்று எழுத ஆசைதான். பொய் சொல்லிச் சொல்லி உன் வீட்டுக்காரர் பல்லைப் போக்கியவன் நான், இனி வேண்டாம். வந்தால் வருகிறேன்.

பெட்ரிசியாவிடம் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டு. அவள் அழுதால் அழட்டும், தடுக்காதே. பையன் வளர்ந்து, தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று கேட்பான். பங்கா இழுத்தார் என்று சொல். எங்கே, எப்படி, எந்தக் காலால் என்று எல்லாவற்றையும் சொல். அப்பன் என்ன செய்தான் என்று கேட்டால் பூட்ஸைப் பற்றிச் சொல். ஸ்டோர் கிராணி என்று எவனாவது பேச்செடுத்தால், அது எட்வர்ட் விட்ட புளுகு என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடு.

இப்படிக்கு,
பங்கா அந்தோணிமுத்து மகன்
எட்வர்ட்